ஊராட்சித் தலைவர், கவுன்சிலர், அதிகாரி மேல் புகார் கொடுக்கப் போகிறீர்களா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் வக்கீல் இல்லை. எங்கள் ஒன்றியத்தில் பல வருடமாக அக்கம்பக்கத்து ஊர்க்காரர்களுக்கு மனு எழுதிக் கொடுத்து, எழுதிய மனுவின் பின்னாலேயே அலுவலகம் அலுவலகமாக நடந்தவன். வருகிறவர்கள் எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே கேள்விகளைத்தான் கேட்கிறார்கள், அதனால் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். இதில் உள்ளதெல்லாம் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளுக்கு உரியது.

எதற்கெல்லாம் புகார் கொடுக்கலாம்?

தெருவிளக்கு எரியவில்லை, குழாயில் தண்ணீர் வரவில்லை என்பது குறை. போடாத சாலைக்கு பில் போட்டுப் பணம் எடுத்தார்கள் என்பது முறைகேடு. இந்த இரண்டையும் ஒரே மனுவில் கலந்து எழுதினால், அலுவலகம் பல்பை மாற்றிவிட்டு 'மனு தீர்வு செய்யப்பட்டது' என்று எழுதி மூடிவிடும். பலருக்கு இப்படி நடந்ததை நானே பார்த்திருக்கிறேன்.

முறைகேடு என்று நான் சொல்வது இந்த மாதிரி: வீட்டு வரி ரசீது போடவோ குடிநீர் இணைப்பு கொடுக்கவோ கட்டட அனுமதிக்கோ பணம் கேட்பது, ஊராட்சி வேலையைத் தன் தம்பி பெயரிலோ மச்சான் பெயரிலோ தானே எடுத்துச் செய்வது, டெண்டர் விடாமல் தப்பிப்பதற்காக ஒரே வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது, வேலைக்கே வராதவர் பெயரில் வருகை போட்டுக் கூலி எடுப்பது, கூட்டமே நடக்காமல் தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்குவது. பெண் தலைவர் வீட்டில் இருக்க, அவருடைய கணவர் நாற்காலியில் உட்கார்ந்து நிர்வாகம் செய்வதும் இதில் சேரும். 2016-ல் உள்ளாட்சிப் பதவிகளில் பாதியைப் பெண்களுக்கு ஒதுக்கிச் சட்டம் திருத்தியது கணவர்கள் உட்காருவதற்காக அல்ல.

யாரிடம் கொடுக்க வேண்டும்? எல்லோருக்கும் ஒரு காப்பி அனுப்பிவிடலாமா?

அனுப்பாதீர்கள். முதலமைச்சர், ஆளுநர், தலைமை நீதிபதி என்று பன்னிரண்டு பேருக்கு நகல் போட்ட மனுவை ஒருவரும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்வதில்லை. யார் மேல் புகார், அவர் மேல் நடவடிக்கை எடுக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்று பார்த்து அவரிடம் கொடுங்கள்.

கிராம ஊராட்சித் தலைவர் என்றால் மாவட்ட ஆட்சியர். 1994-ஆம் வருடத்து தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் ஊராட்சிகளின் ஆய்வாளர் என்று சொல்லப்படுபவர் அவர்தான். அவருக்குக் கீழே உதவி இயக்குநர் (ஊராட்சிகள்) இருக்கிறார், கோப்பு அங்கேதான் நகரும். ஊராட்சிச் செயலர் மேல் என்றால் வட்டார வளர்ச்சி அலுவலர் (பி.டி.ஓ.). ஒன்றியத்தில் பி.டி.ஓ. இரண்டு பேர் உண்டு, கிராம ஊராட்சி விவகாரத்துக்கு 'கிராம ஊராட்சி' என்று அடைப்புக்குறியில் போட்டிருப்பவரிடம் போக வேண்டும். பி.டி.ஓ. மேலேயே புகார் என்றால் ஆட்சியர். பேரூராட்சி என்றால் மாவட்டத்தில் உள்ள பேரூராட்சிகள் உதவி இயக்குநர், நகராட்சி என்றால் நகராட்சி நிர்வாக மண்டல இயக்குநர், மாநகராட்சி ஊழியர் என்றால் ஆணையர்.

லஞ்சம் என்றால் இந்த வரிசையெல்லாம் வேண்டாம், நேராக ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்குநரகம், அதாவது நாம் லஞ்ச ஒழிப்புத் துறை என்று சொல்கிறோமே அது. 1964-லிருந்து இருக்கிற துறை. உள்ளாட்சிகளில் நடக்கும் ஊழலையும் நிர்வாகச் சீர்கேட்டையும் விசாரிப்பதற்கென்றே 2014-ல் ஒரு சட்டம் வந்து, அதன்கீழ் சென்னையில் உள்ளாட்சி முறைமன்ற நடுவம் இருக்கிறது. ஊர்ப்பக்கம் பலருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. மாவட்ட அளவில் கோப்பு நகரவே இல்லை என்றால் அங்கே எழுதுங்கள்.

முதல்வரின் உதவி மைய எண் 1100-க்குப் போன் பண்ணினால் போதாதா? திங்கட்கிழமை மனு?

இரண்டும் பதிவுக்கு நல்லது, நம்பர் கிடைக்கும், தேதி கிடைக்கும். ஆனால் ஒரு சிக்கல் உண்டு. 'முதல்வரின் முகவரி' என்கிற குறைதீர்ப்புத் துறையில் போட்ட மனுவும் திங்கள் குறைதீர்க்கும் நாளில் ஆட்சியர் கையிலேயே கொடுத்த மனுவும் 'உரிய நடவடிக்கைக்காக' என்று கீழே இறங்கி, இறங்கி, கடைசியில் நீங்கள் யார் மேல் புகார் சொன்னீர்களோ அவர் மேசைக்கே வந்து சேரும். அவரே பதில் எழுதுவார், அந்தப் பதிலை வைத்து மனுவை முடித்துவிடுவார்கள். அதனால் மனுவின் முதல் பத்தியிலேயே இப்படி ஒரு வரி எழுதுங்கள்: 'இந்தப் புகார் இன்ன பதவியில் உள்ளவரைப் பற்றியது என்பதால், விசாரணையை அவரிடமோ அவருக்குக் கீழ் உள்ளவரிடமோ ஒப்படைக்காமல், அவருக்கு மேல்நிலையில் உள்ள அலுவலர் மூலம் விசாரிக்கக் கேட்டுக்கொள்கிறேன்.' அப்படி எழுதிய பிறகும் அவரிடமே போயிருந்தால், அடுத்த மனுவில் அதைச் சுட்டிக்காட்டலாம். நீதிமன்றம் வரை போனால் அந்த வரிக்கு எடை உண்டு.

மனுவை எப்படி எழுதுவது?

அனுப்புநர், பெறுநர், பொருள், அப்புறம் விஷயம். இரண்டு பக்கத்துக்கு மேல் போகாதீர்கள், மிச்சத்தை இணைப்பாக வையுங்கள்.

நான் எழுதிய முதல் பெரிய மனு ஒன்பது பக்கம். குளம், சாலை, நூறு நாள் வேலை, தண்ணீர் மோட்டார், தலைவர் கட்டிய வீடு என்று எல்லாவற்றையும் அதில் போட்டிருந்தேன். விசாரணைக்கு வந்தவர் அதில் எளிதாக இருந்த மோட்டார் விஷயத்தை மட்டும் எடுத்தார், மோட்டார் ஓடுகிறது என்று எழுதினார், மொத்த மனுவும் ஆதாரமற்றது என்று முடிந்துபோனது. குளத்தில் நடந்தது உண்மை, கையில் பில் நகலும் இருந்தது, இருந்தும் அது ஆறாவது பக்கத்தில் புதைந்து கிடந்தது. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து ஒரு மனுவுக்கு ஒரு விஷயம் என்றுதான் எழுதிக் கொடுக்கிறேன்.

எந்த வேலை, எந்தத் தெரு, எந்த நிதியாண்டு, பில்லில் எவ்வளவு, நேரில் எவ்வளவு, எந்தத் தேதியில் யார் பார்த்தது, இதெல்லாம் இருக்க வேண்டும். 'சாலை தரமில்லாமல் போட்டிருக்கிறார்கள்' என்பதைவிட 'மதிப்பீட்டில் 120 மீட்டர் என்று உள்ளது, நாங்கள் ஐந்து பேர் டேப் பிடித்து அளந்தபோது 84 மீட்டர்தான் உள்ளது' என்ற ஒரு வாக்கியம் ஆயிரம் மடங்கு வலுவானது. 'கொள்ளையடித்தான்', 'ஊரை விற்றுத் தின்கிறான்' என்றெல்லாம் எழுதத்தான் கை துடிக்கும், எழுதாதீர்கள். நீங்கள் கண்ணால் பார்த்ததையும் அடுத்தவர் சொல்லிக் கேட்டதையும் பிரித்து எழுதுங்கள். கடைசியில் என்ன வேண்டும் என்று கேளுங்கள்: இடத்தை அளந்து பார்க்க வேண்டும், இழப்பைத் திரும்ப வசூலிக்க வேண்டும், சம்பந்தப்பட்டவர் மேல் நடவடிக்கை வேண்டும்.

ஆதாரம் எங்கே கிடைக்கும்? அவர்கள்தானே எல்லாவற்றையும் வைத்திருக்கிறார்கள்?

முதலில் வீட்டில் உட்கார்ந்தே பார்க்கக்கூடியது, ஊராட்சிக் கணக்குகளைப் போடுகிற மத்திய அரசின் இ-கிராம்ஸ்வராஜ் இணையதளம். உங்கள் ஊராட்சியைத் தேர்ந்தெடுத்தால் எந்த வருடம் எந்த வேலைக்கு எவ்வளவு பணம் போயிருக்கிறது என்று வவுச்சர் வரை பார்க்கலாம். எல்லாச் செலவும் அதில் இருக்கும் என்று நினைக்காதீர்கள், ஆனால் தொடங்குவதற்கு அதைவிட நல்ல இடம் இல்லை. பார்த்ததும் தேதி தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005. வெள்ளைத்தாளில் எழுதி 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்பினால் போதும். 30 நாளில் பதில் வர வேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பியிருந்தாலும் பிரிவு 6(3)-ன்படி 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். 'ஏன் இப்படிச் செய்தீர்கள்' என்று கேட்காதீர்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டிய கட்டாயம் அவர்களுக்கு இல்லை. ஆவணம் கேளுங்கள்: இன்ன வேலையின் மதிப்பீடு, பணி உத்தரவு, எம்-புக் என்கிற அளவீட்டுப் புத்தகத்தின் நகல், பில், வவுச்சர், அந்தத் தேதியின் தீர்மான நகல், அந்த வருடத்துத் தணிக்கை அறிக்கை. தணிக்கை அறிக்கையை யாரும் கேட்பதில்லை, கேட்டுப் பாருங்கள். நீங்கள் சந்தேகப்பட்ட செலவுக்கே தணிக்கைத் தடை, அதாவது இந்தச் செலவு சரியில்லை என்ற ஆட்சேபம், போட்டு வைத்திருப்பார்கள், அப்போது உங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

நகல் பக்கத்துக்கு 2 ரூபாய். ஆவணம் நிறைய இருக்கும் என்றால் நேரில் பார்வையிட அனுமதி கேளுங்கள், முதல் ஒரு மணி நேரத்துக்குக் கட்டணம் கிடையாது. வேலை நடந்த இடத்தைப் பார்வையிடவும், போட்ட சிமென்ட்டிலோ கற்களிலோ மாதிரி எடுக்கவும்கூட அந்தச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 30 நாளில் பதில் வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதிலும் பயனில்லை என்றால் 90 நாளுக்குள் மாநிலத் தகவல் ஆணையம். நாளைக் காலண்டரில் குறித்து வையுங்கள், எத்தனையோ பேர் சரியான கேள்வி கேட்டும் இந்த நாள் கணக்கில் கோட்டை விட்டிருக்கிறார்கள்.

போனில் பதிவு செய்த பேச்சோ வீடியோவோ இருந்தால் அதை வெட்டவோ சுருக்கவோ கூடாது. எந்தப் போனில் எடுத்தீர்களோ அந்தப் போனை பத்திரமாக வையுங்கள். நீதிமன்றத்தில் மின்னணு ஆதாரத்துக்கு ஒரு சான்று கேட்பார்கள், மூலக் கருவி இருந்தால்தான் அது எளிது.

கிராம சபையில் கேட்கலாமா?

கண்டிப்பாகக் கேளுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை நடக்க வேண்டியது. வாக்காளர் பட்டியலில் பெயர் இருக்கிற எல்லோரும் அதன் உறுப்பினர், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. வரவு செலவைப் படிக்கும்போது எழுந்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், அந்தக் கேள்வியைத் தீர்மான நோட்டில் எழுதச் சொல்லுங்கள், எழுதிய பக்கத்தைப் படம் எடுங்கள். கையெழுத்துப் போடுகிறபோது மேலே காலியிடம் விட்டிருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். நகர்ப்புறத்தில் இருப்பவர்களுக்கு 2022 நவம்பர் 1 முதல் பகுதி சபா என்று ஒன்று தொடங்கியிருக்கிறது, அதையும் அதேபோலப் பயன்படுத்தலாம்.

லஞ்சம் கேட்கிறார்கள், இப்போதே. என்ன செய்ய?

கொடுக்க மாட்டேன் என்று சண்டை போட வேண்டாம், கொடுக்கவும் வேண்டாம். 'ரெண்டு நாள் டைம் கொடுங்க' என்று சொல்லிவிட்டு மாவட்டத்து லஞ்ச ஒழிப்புத் துறை அலுவலகத்துக்கு நேரில் போங்கள். எழுத்தில் புகார் வாங்கி வழக்குப் பதிவார்கள். நோட்டு எண்களைக் குறித்துக்கொண்டு பினாப்தலின் பொடி தடவித் தருவார்கள், அரசு ஊழியர்கள் இரண்டு பேர் சாட்சியாகக் கூட இருப்பார்கள். வாங்கியவர் கையை சோடியம் கார்பனேட் கரைசலில் விட்டால் அது இளஞ்சிவப்பாக மாறும்.

அங்கே நீங்கள் நினைவில் வைக்க வேண்டியது, அவராகக் கேட்ட பிறகுதான் பணத்தைக் கொடுக்க வேண்டும். நீங்களாக மேசையில் வைத்துவிட்டு வந்தால் வழக்கு நிற்காது. லஞ்ச வழக்கில் கேட்டதையும் வாங்கியதையும் இரண்டையும் நிரூபிக்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு 2022 டிசம்பரில் உறுதி செய்திருக்கிறது. புகார் கொடுத்தவரே பிறழ் சாட்சியாகிவிட்டாலும், இறந்துவிட்டாலும், மற்ற சாட்சியங்களை வைத்து நிரூபிக்கலாம் என்றும் அதே தீர்ப்பு சொல்கிறது.

ஏற்கெனவே கொடுத்துவிட்டேன். நானும் மாட்டுவேனா?

2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் குற்றம். ஆனால் கட்டாயப்படுத்தப்பட்டுக் கொடுத்திருந்தால், கொடுத்த 7 நாளுக்குள் காவல் துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் உங்கள் மேல் குற்றம் வராது. ஏழு நாள்தான், அதனால் இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே நாளை எண்ணுங்கள்.

தலைவரைப் பதவியிலிருந்து நீக்க முடியுமா?

முடியும், ஆனால் ஊரில் பேசிக்கொள்கிற அளவுக்கு எளிதில்லை. ஊராட்சிகள் சட்டம் பிரிவு 205. சட்டத்தையோ சட்டப்படியான உத்தரவையோ வேண்டுமென்றே மீறினார், அல்லது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று ஆட்சியருக்குத் தெரிந்தால் அவர் தானாகவே தொடங்கலாம். இல்லாவிட்டால் ஊராட்சி மன்றத்தின் மொத்த உறுப்பினர் எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்குக்குக் குறையாத பேர் கையெழுத்திட்டுக் குற்றச்சாட்டுகளை எழுதி, அதில் இரண்டு பேர் நேரில் போய் ஆட்சியரிடம் கொடுக்க வேண்டும். அப்புறம் தலைவரிடம் விளக்கம் கேட்பார்கள், தாசில்தார் கூட்டம் கூட்டி உறுப்பினர்களின் கருத்தைப் பதிவு செய்வார், அதையெல்லாம் பார்த்துத்தான் ஆட்சியர் முடிவெடுப்பார். சாதாரண வாக்காளர் கொடுக்கும் மனுவால் இது தானாகத் தொடங்காது, ஆனால் ஆட்சியர் தானாகத் தொடங்குவதற்கு உங்கள் மனு காரணமாக இருக்கலாம்.

இந்த இடத்தில் நான் மனசில் உள்ளதைச் சொல்லியாக வேண்டும். பட்டியலினத்தைச் சேர்ந்த தலைவர், அதிலும் பெண் தலைவர் என்றால், பதவியேற்ற சில மாதத்திலேயே 'நீக்க வேண்டும்' என்று கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறார்கள். உட்கார்ந்து கேட்டால் பண விவகாரம் எதுவும் இருக்காது. 'மரியாதை தெரியவில்லை', 'யாரையும் கலந்து பேசவில்லை' என்பார்கள். காசோலையில் தலைவருடன் துணைத் தலைவரும் கையெழுத்துப் போட வேண்டும், அந்தத் துணைத் தலைவர் கையெழுத்தைப் போடாமலே வேலையை முடக்கிவிட்டு 'தலைவர் ஒன்றும் செய்யவில்லை' என்று மனு கொடுப்பதையும் பார்த்திருக்கிறேன். அப்படிப்பட்ட மனுவை நான் எழுதித் தருவதில்லை. அந்தத் தலைவர் என்னிடம் வந்தால் 1989-ஆம் வருடத்து வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தைப் பற்றிச் சொல்லி அனுப்புகிறேன்.

அதிகாரி மேல் புகார் கொடுத்தால் என்ன ஆகும்?

அரசு ஊழியர் என்றால் 1973-ஆம் வருடத்து நடத்தை விதிகள் பொருந்தும். தவறு தெரிந்தால் ஒழுங்கு மற்றும் மேல்முறையீட்டு விதிகளின் 17(ஏ) அல்லது 17(பி)-யில் குற்றக் குறிப்பாணை கொடுப்பார்கள். 17(ஏ) சிறு தண்டனைக்கு, 17(பி) பெரிய தண்டனைக்கு. பதவி உயர்வு நேரத்தில் 17(பி) நிலுவையில் இருந்தால் என்ன ஆகும் என்று எந்த ஊழியருக்கும் தெரியும், அதனால்தான் மனுவைத் திரும்ப வாங்கச் சொல்லி வீட்டுக்கு ஆள் வரும்.

ஊழல் வழக்கு வேறு. ஒரு அதிகாரி எடுத்த முடிவு, செய்த பரிந்துரை பற்றிய புகாரில் போலீஸ் விசாரணை தொடங்கவே மேலிடத்து முன் அனுமதி வேண்டும் என்று ஊழல் தடுப்புச் சட்டத்தின் 17ஏ பிரிவு சொல்கிறது. கையும் களவுமாகப் பிடிக்கும் வழக்குக்கு அந்த அனுமதி வேண்டாம். ஒழுங்கு நடவடிக்கையில் வரும் 17(ஏ)-வும் இந்த 17ஏ-வும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

பெயர் போடாமல் அனுப்பலாமா?

மொட்டைக் கடுதாசி மேல் பெரும்பாலும் நடவடிக்கை இருக்காது. பெயர் போட்டு, 'என் பெயரை வெளியிட வேண்டாம்' என்று தனியாகக் கேட்டு எழுதுங்கள். ஆனால் ரகசியம் காக்கப்படும் என்று நம்பி இறங்காதீர்கள். தகவல் தருபவரைப் பாதுகாக்க 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றியது, அது இன்னும் நடைமுறைக்கே வரவில்லை. அதனால் தனி ஆளாகப் போகாமல் ஐந்து பத்துப் பேராகக் கையெழுத்துப் போடுங்கள். மிரட்டினால் அன்றைக்கே காவல் நிலையத்தில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்குங்கள், 'பேசிக்கலாம் விடுங்க' என்று அனுப்பினால் எஸ்.பி. அலுவலகத்துக்குப் பதிவுத் தபால்.

என் மேல் மானநஷ்ட வழக்குப் போடுவார்களா?

போடுவேன் என்பார்கள். நடவடிக்கை எடுக்க அதிகாரம் உள்ளவரிடம் நல்ல நோக்கத்தோடு குற்றச்சாட்டு சொல்வதற்குச் சட்டமே விலக்கு கொடுத்திருக்கிறது. ஆனால் அதே மனுவை வாட்ஸ்அப் குரூப்பிலும் முகநூலிலும் போட்டுப் பரப்பினால் அந்த விலக்கை நம்ப முடியாது. பொய் என்று தெரிந்தே அரசு ஊழியரிடம் தகவல் கொடுப்பதும் தனிக் குற்றம், அதையும் மறக்காதீர்கள்.

விசாரணைக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எப்படிப் போவது?

கூப்பிட்ட கடிதத்தை, ஆதாரங்களின் இரண்டு செட் நகலை எடுத்துக்கொண்டு, கூட ஒருவரை அழைத்துக்கொண்டு போங்கள். அசல் ஆவணத்தைக் கொடுக்காதீர்கள். வாக்குமூலத்தை முழுதாகப் படித்த பிறகு கையெழுத்து. 'சமாதானமாகப் போய்விட்டோம், மேல் நடவடிக்கை தேவையில்லை' என்ற வரி கடைசியில் சேர்ந்திருக்கலாம், அதைக் கவனியுங்கள். இடத்தைப் பார்க்க வருகிறார்கள் என்றால் உங்கள் முன்னிலையில் அளக்கச் சொல்லுங்கள்.

மாதக்கணக்கில் பதிலே இல்லை.

மனுவின் மேல் எடுத்த நடவடிக்கை என்ன, கோப்பு யாரிடம் இருக்கிறது என்று தகவல் அறியும் சட்டத்தில் கேளுங்கள். பல கோப்புகள் அந்தக் கேள்வி போன பிறகுதான் அலமாரியிலிருந்து இறங்குகின்றன. அப்படியும் நகரவில்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு, தென் மாவட்டக்காரர்களுக்கு மதுரைக் கிளை. உங்கள் மனுவைப் பரிசீலித்து இத்தனை வாரத்துக்குள் முடிவெடுக்க வேண்டும் என்று உத்தரவு வாங்கலாம். அதற்கு நீங்கள் மனு கொடுத்த ஒப்புகை அட்டை, ரசீது, தேதி எல்லாம் வேண்டும். வக்கீல் செலவுக்கு வழியில்லை என்றால் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் கேட்டுப் பாருங்கள்.

பதவிக்காலம் முடிந்துவிட்டது. இனி புகார் கொடுத்து என்ன பயன்?

இது இப்போது அதிகம் வருகிற கேள்வி, ஏனென்றால் 2019 டிசம்பரில் தேர்தல் நடந்த மாவட்டங்களில் ஊராட்சிகளின் காலம் 2025 ஜனவரியோடு முடிந்து, நிர்வாகம் தனி அலுவலர்கள் கைக்குப் போனது. பிரிவு 205 இனி உதவாது, இல்லாத பதவியிலிருந்து யாரையும் நீக்க முடியாது. ஆனால் பதவியில் இருந்தபோது செய்த ஊழலுக்கு வழக்குப் போடலாம், இழப்பை வசூலிக்கக் கேட்கலாம், கூடச் சேர்ந்து பில் போட்ட செயலரும் பொறியாளரும் பணியில்தான் இருக்கிறார்கள். பதவி கை மாறும்போதுதான் நோட்டுகள் காணாமல் போகும். அதனால் முதல் வேலையாகப் பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலின் நகலைக் கேட்டு ஒரு மனு போடுங்கள், எந்தப் பதிவேடு ஒப்படைக்கப்படவில்லை என்று அதிலேயே தெரிந்துவிடும்.